மேலத்தெரு வீட்டுக் குழு: சிவப்புத் திரை

பெரியப்பா: கம்ப்யூட்டரில் திரை முழுக்கச் சிவப்பாக வந்து நிற்கிறது. வைரஸ் வைரஸ் என்று ஒரு பெண் இங்கிலீஷில் கத்துகிறாள். கீழே போன் நம்பர். நாளைக் காலை டிபிசியில், அதான் நெல் கொள்முதல் நிலையத்தில், நிலத்துக்கான சிட்டா, அடங்கல் கொடுக்க வேண்டும். நெல் களத்தில் கிடக்கிறது. பிள்ளைகள் யாராவது உடனே பார்க்கவும்.

பெரியப்பா: (படம்)

திவ்யா: படம் தலைகீழா இருக்கு பெரியப்பா

கலா அத்தை: அண்ணே, கரண்டைப் பிடுங்கு

கார்த்தி: அந்த நம்பருக்கு யாரும் போன் போடாதீங்க. போட்டாச்சா?

விமலா சித்தி: பதிலே இல்லை. போட்டிருப்பார்.

பெரியம்மா: போடவில்லை. போனை நான் பிடுங்கி வைத்திருக்கிறேன். நம்பரைக் காலண்டர் ஓரத்தில் எழுதியிருந்தார், அதையும் கிழித்துவிட்டேன்.

ராஜு சித்தப்பா: அண்ணி 🙏

கார்த்தி: எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. அது விண்டோஸ் காட்டுகிற திரை இல்லை. குரோமுக்குள் திறந்திருக்கிற ஏதோ ஒரு வெப்சைட் பக்கம், அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் கொடுக்கிற உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது. கூப்பிட்டால் இனிமையாகப் பேசி, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்குகிற எனிடெஸ்க் போடச் சொல்வான். போட்டுவிட்டால் நம் மௌஸ் அவன் கையில். அடுத்து பேங்க் பக்கத்தைத் திறக்கச் சொல்வான். அதனால் முதலில் ரவுட்டர் ஸ்விட்சை அணைத்து நெட்டைத் துண்டியுங்க. எஸ்கேப் விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க. முழுத்திரை விலகினால் பக்கத்தை மூடிவிடலாம். விலகாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் குரோமைத் தொட்டு எண்ட் டாஸ்க். திரும்ப குரோமைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்கும். வேண்டாம்னு சொல்லிடுங்க.

கலா அத்தை: இவ்வளவுக்கு கரண்டைப் பிடுங்கியிருக்கலாம்

அப்பா: சரி

பெரியப்பா: எஸ்கேப் வேலை செய்தது. பக்கத்தை மூடிவிட்டேன், அவள் நின்றுவிட்டாள். நெட் இன்னும் அணைக்கவில்லை, ரவுட்டர் பரண் மேல் இருக்கிறது. ஆனால் வலது பக்கம் கீழே குட்டிக் குட்டிப் பெட்டியாக வந்துகொண்டே இருக்கிறது. ஒன்றில் ரம்மி. ஒன்றில் தொப்பை குறைய மருந்து.

ராஜு சித்தப்பா: ரம்மியை எடுத்துடு. தொப்பை இருக்கட்டும்.

சேகர் மாமா: மச்சான், நெல்லுல ஈரம் எவ்வளவு காட்டுது? 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டான். குடவாசல்ல நேத்து தூறல்.

பெரியப்பா: காலையில் பனியோடு பார்த்தபோது 18. நல்ல வெயில், இரண்டு தரம் கிளறிவிட்டாச்சு. 120 சிப்பம் வரும்.

சேகர் மாமா: தார்ப்பாய் இருக்கா?

பெரியப்பா: ஒன்று கிழிசல்.

கார்த்தி: தார்ப்பாய் அப்புறம். பெரியப்பா, சிட்டா எந்த வெப்சைட்டில் எடுத்தீங்க?

பெரியப்பா: பட்டா சிட்டா என்று தேடினேன். முதலில் வந்ததைத் தொட்டேன். பச்சையாக, முறம் அளவுக்கு டவுன்லோட் என்று இருந்தது. அரசாங்கத்தில் இவ்வளவு வசதி எப்போது செய்தான் என்று நானும் யோசித்தேன்.

திவ்யா: நான் ரோபோ இல்லைன்னா அலோ அழுத்துன்னு கேட்டிருக்குமே

பெரியம்மா: கேட்டது. அழுத்தினார். இவர் ரோபோ இல்லைதானே.

கார்த்தி: அந்த அலோதான் காரணம். இப்போது வருகிற பெட்டிகள் வைரஸ் இல்லை, அந்த வெப்சைட் நோட்டிஃபிகேஷன் அனுப்ப நாம் கொடுத்த அனுமதி. குரோமில் மேலே வலது மூலை மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதித்த பட்டியலில் தெரியாத பெயர் எல்லாவற்றையும் பிளாக் பண்ணுங்க. பிறகு எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் நீங்கள் வைக்காதது இருந்தால் ரிமூவ். கடைசியாக விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ். தேதிப்படி அடுக்கினால் இன்று நுழைந்தவன் முதலில் நிற்பான். பெயர்களை இங்கே எழுதுங்க, நான் சொன்ன பிறகு எடுக்கலாம்.

பெரியப்பா: பெட்டி நின்றது. ஆப்ஸில் பிடிஎஃப் என்று ஏதோ ஒன்று. டிரைவர் அப்டேட்டர் ஒன்று. கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று ஒன்று. என்எச்எம் ரைட்டர். நான்கையும் எடுக்கட்டுமா?

கார்த்தி: முதல் மூன்றை எடுங்க. என்எச்எம் ரைட்டர் தமிழ் அடிக்க நாம் போட்டது, அது இருக்கட்டும்

ராஜு சித்தப்பா: தாத்தா சதாபிஷேகப் பத்திரிகை அதிலதான் அடிச்சோம்

விமலா சித்தி: எங்கள் பெயர் கடைசியில் வந்த பத்திரிகை.

கலா அத்தை: ஆரம்பிச்சாச்சு

பெரியப்பா: வயசு வரிசைப்படி போட்டது அது. போகட்டும். வேகமாக்குகிறவனை எடுக்கப்போனால் "நிச்சயமாகவா? 1,243 கோளாறு உள்ளது" என்கிறான்.

திவ்யா: அவன் போகாம இருக்கச் சொல்ற பொய் பெரியப்பா. எடுங்க.

ராஜு சித்தப்பா: நான் கொடுத்தப்போ அந்த கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறு கிடையாது

பெரியப்பா: நீ கொடுத்தது மானிட்டர்.

அப்பா: சரி

கார்த்தி: எடுத்தாச்சுன்னா விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ், அதில் ஆஃப்லைன் ஸ்கேன். கம்ப்யூட்டர் தானே அணைந்து எழும். சுமார் 15 நிமிஷம் ஆகும். விண்டோஸ் முழுசாக எழுவதற்கு முன்பே தேடுவதால், ஓடும்போது ஒளிந்துகொள்கிறதும் மாட்டும். இலவச ஆன்டிவைரஸ் என்று வேறெதையும் தேடிப் போடாதீங்க, விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் போதும். பேங்க் பாஸ்வேர்டை அந்த கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டாம், போனில் மாற்றுங்க. பணம் ஏதாவது போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடணும். இன்னொன்று, அது விண்டோஸ் 10. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு ஆதரவை நிறுத்திட்டாங்க. அது

கலா அத்தை: கார்த்தி சாப்பிட்டியா?

பெரியம்மா: இங்கே காலையிலிருந்து இரண்டு தரம் கரண்ட் போனது. பாதியில் போனால் என்ன ஆகும்?

கார்த்தி: மறுபடி முதலிலிருந்து ஓட்டணும் பெரியம்மா. யூபிஎஸ் இருக்குல்ல?

பெரியம்மா: இருக்கிறது. அதன் மேல் சாமி படம் வைத்திருக்கிறது.

பெரியப்பா: நாளைக்குச் சிட்டா?

திவ்யா: நான் போனில் எடுத்துட்டேன். அரசாங்க வெப்சைட்னா முகவரி டிஎன் டாட் கவ் டாட் இன்னுன்னு முடியும், அதை மட்டும் பாருங்க. இந்தாங்க.

திவ்யா: (பிடிஎஃப்)

திவ்யா: வீட்டு பிரிண்டர் வேண்டாம். குடவாசல் இ-சேவை மையத்தில் எடுத்துக்கலாம். அடங்கலுக்கு விஏஓ கையெழுத்து வேணும், அது உங்க பாடு.

பெரியப்பா: நல்லது அம்மா. விஏஓவைக் காலையிலேயே பிடிக்கணும். சிட்டாவில் இன்றைக்கும் நம் மூன்று பேர் பெயரும் சேர்ந்தே வருகிறது. போன தடவை டிபிசியில் மற்ற இருவரின் சம்மதம் எங்கே என்று கேட்டான்.

ராஜு சித்தப்பா: உட்பிரிவு செஞ்சு தனிப்பட்டா வாங்கலாம்னு நான் சொன்னப்போ யார் வேண்டாம்னது?

ராஜு சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கலா அத்தை: படிச்சுட்டேன் ராஜு

விமலா சித்தி: நானும்தான் எழுதச் சொன்னேன்.

அப்பா: அதை நேரில் பேசலாம்.

திவ்யா: அப்பா சரிக்கு மேல எழுதிட்டார்!

சேகர் மாமா: ஸ்கேன் என்ன ஆச்சு?

பெரியப்பா: நீலத் திரையில் ஓடுகிறது. 41 சதவீதம். நான் களத்துக்குப் போய்த் தார்ப்பாய் போட்டு வருகிறேன், தூறல் மாதிரி தெரிகிறது.

பெரியம்மா: 63.

சேகர் மாமா: என் தார்ப்பாயைக் கொடுத்து அனுப்புறேன். பையன் பைக்கில் வருவான்.

கார்த்தி: முடிஞ்சதும் என்ன காட்டுதுன்னு படம் எடுத்துப் போடுங்க பெரியம்மா. சுத்தம்னு வந்தாலும் போட்டோவையெல்லாம் காப்பி எடுத்துட்டு விண்டோஸைப் புதுசாப் போடுறது நல்லது. கும்பகோணம் கடைக்காரர் போட்ட விண்டோஸ் திருட்டு காப்பி மாதிரி இருக்கு. ஞாயிறு நான் வரப் பார்க்கிறேன்.

ராஜு சித்தப்பா: ஞாயிறு நாங்களும் வரலாம். சீட்டு கிடைச்சா.

விமலா சித்தி: வருவதாக நான் சொல்லவில்லை.

பெரியம்மா: எல்லாரும் வந்தால் எத்தனை பேருக்குச் சமைப்பது, சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.

கலா அத்தை: விமலா, வர்றதா இருந்தா என் பித்தளை அண்டாவை எடுத்துட்டு வா

விமலா சித்தி: எந்த அண்டா?