புளோரோயூராசில் கிரீம் பூசியவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி (கிளிநொச்சி): எனக்குப் பிறவியிலேயே அல்பினிசம் (தோலில் நிறமி மிகக் குறைவு). இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயலில்தான் வேலை. நெற்றியில் சொரசொரப்பான புள்ளிகள். விட்டால் புற்றாகலாம் என்று தோல் வைத்தியர் இந்த 5 சதவீதக் கிரீம் தந்தார், கெட்ட தோல் செல்களை அழிக்கும் மருந்தாம். இப்போது சிவந்து, எரிந்து, பொருக்குத் தட்டுகிறது. அம்மா வேப்பிலை அரைத்துக்கொண்டு நிற்கிறா. நிறுத்தவா?

பதில் (வவுனியா): தம்பி, அந்தச் சிவப்பு மருந்து வேலை செய்வதன் அடையாளம். வழக்கமாக 2 முதல் 4 வாரம் பூசச் சொல்வார்கள். எனக்கும் முகம் பார்க்கச் சகிக்கவில்லை, பூச்சு முடிந்த பிறகுதான் ஆறியது. வேப்பிலை வேண்டாம். சீழ், காய்ச்சல் என்றால் உடனே வைத்தியரிடம் போங்கோ.

பதில் (முல்லைத்தீவு): பூசியதும் கை கழுவுங்கோ, கண்ணில் படக்கூடாது. நாய் நக்கினால் செத்தே போகும். டியூப்பை உயரத்தில் வையுங்கோ.

கேட்டவர்: நாய் விஷயம் ஒருவரும் சொல்லவில்லை அண்ணை! சரி, தொப்பி போட்டு வயலுக்குப் போகலாமா?

வவுனியா: பூசும் காலத்தில் வெயிலே வேண்டாம். அப்புறம் பார்க்கலாம்.