உப்பனாத்துக் கரிமீன் பத்து நாளா ஒண்ணும் சாப்பிடல

முதுநகர்:
வணக்கம். கடலூர் முதுநகர்லேருந்து எழுதறேன். உப்பனாத்துல வலை வீசுற மாமா ரெண்டு கரிமீனை உயிரோட கொடுத்தாரு. ரெண்டும் என் கையை விரிச்சு வச்ச அளவு. தங்கமீன் செத்ததுக்கப்புறம் ஒரு வருஷமா காலியா கிடந்த தொட்டியைக் கழுவி, போர் தண்ணி ஊத்தி விட்டேன் (4×1½×1½ அடி). பெல்லட்டை (கடையில விக்கற உருண்டைத் தீனி) திரும்பிக்கூடப் பாக்கல. ஒண்ணு ஃபில்டர் பின்னாடியே துடுப்பை ஒடுக்கிக்கிட்டு நிக்குது, உடம்பு கருத்து முத்துப் பொட்டே தெரியல. இன்னொண்ணு அதை விரட்டிக்கிட்டே இருக்கு. நேத்து ராத்திரி கல்லுல உடம்பைத் தேய்ச்சுது. "குழம்புல போட்டிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், இப்படி வதைக்கறியே"ன்னு அம்மா திட்றாங்க. ஆத்துலயே விட்டுடட்டுமா?

தேங்காய்த்திட்டு:
உப்பு போட்டீங்களா தம்பி?

முதுநகர்:
இல்லண்ணா. நல்ல தண்ணியிலயும் இருக்கும்னு கடையில சொன்னாங்க.

தேங்காய்த்திட்டு:
இருக்கும்தான். ஆனா உப்பனாறு கழிமுகம், அலை ஏறினா உப்பு ஏறும். அதுல வளந்ததை ஒரே நாள்ல போர் தண்ணிக்கு மாத்தினா தாங்காது. அதைவிட அவசரம் அமோனியா, மீன் கழிவுலேருந்து தண்ணியில சேர்ற விஷம். காலித் தொட்டி ஃபில்டர்ல கழிவைச் சிதைக்கற பாக்டீரியா இருக்காது. கல்லுல தேய்க்கறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். இன்னிக்கே டெஸ்ட் பண்ணுங்க, தினம் மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க. தொட்டி சுமார் 250 லிட்டர். ஒரு நாளைக்கு லிட்டருக்கு 2 கிராம்னு அயோடின் கலக்காத உப்பைக் கூட்டி, 10 கிராம்ல நிறுத்துங்க. மாத்துற தண்ணியிலயும் அதே அளவு இருக்கணும். வாளியில கரைச்சுத்தான் ஊத்தணும்.

அப்புறம் டார்ச் அடிச்சு துடுப்போட அடியைப் பாருங்க. கண்ணாடி மாதிரி வட்டமா ஏதாவது ஒட்டியிருந்தா அது மீன் பேன்ங்கற ஒட்டுண்ணி.

கரிமீன் பாசி, இலை தின்னி. பாலக்கீரையை வெந்நீர்ல முக்கி கல்லுல கட்டி விடுங்க.

அரியாங்குப்பம்:
ஆத்துல விடாதீங்க. தங்கமீன் செத்த தொட்டிங்கறீங்க, நோய் ஆத்து மீனுக்குப் போயிடும். விரட்டறது நிக்கணும்னா ஆறேழு மீனாவது வேணும், அப்ப ஒருத்தன் மேலயே அடி விழாது. ஆனா அதுக்கு ஆறடித் தொட்டி வேணும். அதுவரைக்கும் நடுவுல தடுப்பு வைங்க. கரிமீன் சிக்லிட் குடும்பம், அந்தக் குடும்பத்து மீனுங்களுக்குப் பெரும்பாலும் இடம்தான் பிரச்சினை.

முதுநகர்:
அஞ்சாம் நாள். அமோனியா குறைஞ்சிருக்கு, பேன் இல்ல. கறுத்ததுக்குப் பொட்டு திரும்பத் தெரியுது. காலையில கீரையோட ஓரத்துல பிறை மாதிரி நாலு கடி. அம்மாவைக் கூப்பிட்டுக் காமிச்சேன். மத்தியானம் அவங்களே இன்னொரு கட்டு வாங்கிட்டு வந்துட்டாங்க.