சோறு, சீனியை நிறுத்துனா கேன்சர் ஸ்டெம் செல் பட்டினில செத்துடுமா?

டெல்டாக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயசு, பெருங்குடல் கேன்சர், மூணாவது ஸ்டேஜ். ஆபரேஷன் முடிஞ்சு இப்ப கீமோ ஓடிட்டு இருக்கு, ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப்ஸும் கேப்சிடபைன் மாத்திரையும், நாலு சைக்கிள் ஆச்சு. ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி சித்தப்பா ஒரு வீடியோவை அனுப்பி "கேன்சர் சீனியைத் தின்னுதான் வளருது, சோறு, சீனி, பழம் எல்லாத்தையும் நிறுத்திட்டா தானா வாடிப்போயிடும்"னு சொன்னாரு, அம்மாவும் பயந்துபோய் அன்னைலேர்ந்து அவருக்குச் சோறு போடறதையே விட்டுட்டாங்க. ரெண்டு முட்டை, கீரை, கொஞ்சம் பனீர், அவ்ளோதான். 66 கிலோ இருந்தவரு இப்ப 60. நேத்து ராத்திரி என் பொண்ணு மிச்சம் வச்ச தயிர்சோத்துல ஒரு வாய் எடுத்து வச்சவரு என்னைப் பாத்ததும் தப்பு பண்ணின பிள்ளை மாதிரி தட்டைக் கீழ வச்சிட்டாரு, எனக்கு ராத்திரி பூரா தூக்கம் வரல.

நான் தேடிப் படிச்சதுல, கட்டில இருக்கற எல்லா செல்லும் ஒரே மாதிரி இல்ல, ஸ்டெம் செல்னு, மத்த செல்லுங்களைப் பெத்துப்போடற ஒரு கூட்டம் இருக்கு, கீமோவுக்குத் தப்பிச்சு திரும்ப முளைக்கறதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு, அதோட தீனியே வேறன்னு போட்டிருக்கு. அப்படின்னா இந்த சீனிக் கதை எவ்ளோ தூரம் நிஜம்? வெவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க.

குடுவைக்காரன்:
தம்பி, நான் குடல் செல் வளக்குற ஒரு லேப்ல ஆறு வருஷமா இருக்கேன், டாக்டர் இல்ல, அதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

சித்தப்பா சொல்றதுக்கு ஒரு வேர் இருக்கு. 1920கள்ல பெர்லின்ல ஓட்டோ வார்பர்க்னு ஒருத்தர், கேன்சர் திசு ஆக்ஸிஜன் இருந்தாலும் குளூக்கோஸை முழுசா எரிக்காம பாதில விட்டு லாக்டேட்டா (ஒரு அமிலக் கழிவு) துப்புதுன்னு காட்டினாரு. பெட் ஸ்கேன் கேன்சரைக் கண்டுபிடிக்கறதே அந்த குளூக்கோஸ் பசியை வச்சுதான். இதை நான் தினமும் பாக்குறேன், வெள்ளிக்கிழமை சிவப்பா ஊத்தி வச்சுட்டுப் போன மீடியம் (செல்லுக்கு ஊத்தற தீனித் தண்ணி) திங்கக்கிழமை வந்து பாத்தா எலுமிச்சை மஞ்சளா மாறி நிக்கும், செல்லு துப்பின அமிலம்தான் அது.

ஆனா கட்டிங்கறது ஒரே ஆள் இல்ல, ஒரு ஊரு. 2007ல டொராண்டோல ஒரு குழுவும் ரோம்ல ஒரு குழுவும் தனித்தனியா பெருங்குடல் கட்டியைப் பிரிச்சு எலிக்குள்ள வச்சுப் பாத்தாங்க. டொராண்டோ கணக்குல வகை பிரிக்காத கட்டிச் செல்லுங்கள்ல கிட்டத்தட்ட 57,000க்கு ஒண்ணுதான் புதுக் கட்டியை உண்டாக்குச்சு, அதைத்தான் கேன்சர் ஸ்டெம் செல்னு சொல்றாங்க. அதே வருஷம் நெதர்லாந்துல ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு நல்ல குடல்ல எல்ஜிஆர்5ங்கற அடையாளம் உள்ள ஸ்டெம் செல்லைக் கண்டுபிடிச்சாங்க, குடல் சுவத்துல இருக்கற சின்னச் சின்னக் குழிகளோட அடில உக்காந்திருக்கும்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். 2017ல எலியோட சிறுகுடல்ல ஒண்ணு பாத்தாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். குழியடில ஸ்டெம் செல்லுக்குப் பக்கத்துல பானெத் செல்னு ஒண்ணு இருக்கு, அது குளூக்கோஸை லாக்டேட்டா மாத்திக் குடுக்குது, ஸ்டெம் செல் அந்த லாக்டேட்டை வாங்கி மைட்டோகாண்ட்ரியால (செல்லுக்குள்ள இருக்கற அடுப்பு) எரிக்குது, அதாவது பக்கத்து வீட்டுல வடிச்ச கஞ்சில இது உசுரு வாழுது. ஆனா அதே 2017ல வேற ஒரு குழு, குடல் ஸ்டெம் செல்லுல பைருவேட்டை (குளூக்கோஸும் லாக்டேட்டும் எரியறதுக்கு முன்னாடி மாறுற பொருள்) மைட்டோகாண்ட்ரியாக்குள்ள விடுற வாசல் புரதம் கம்மியா இருக்கு, அந்த வாசலை மூடினா ஸ்டெம் செல் கூடுதுன்னு காட்டினாங்க. ரெண்டும் எதிரும் புதிருமா இருக்கேன்னு தோணும். இந்த செல்லுங்க ஒரே தீனியை நம்பி இல்லங்கறதுதான் நான் இதுல எடுத்துக்கறது. குளூக்கோஸ், லாக்டேட், குளூட்டமின், கொழுப்பு அமிலம்னு எது கைக்குக் கெடைக்குதோ அதுக்கு மாறிக்கும். நெதர்லாந்துலயே 2015ல நோயாளிங்க கட்டியிலேர்ந்து வளத்த செல்லுக்குக் கீமோ மருந்து குடுத்தப்ப, பொழைச்சதுங்க மைட்டோகாண்ட்ரியா வேலையைக் கூட்டிக்கிட்டுதான் பொழைச்சுதுங்க. அதாவது எதைக் கண்டு நாம பயப்படறோமோ அதுங்கதான் வார்பர்க் சொன்ன மாதிரி பாதில விடாம முழுசா எரிக்கற பக்கம் சாயுதுங்க.

இன்னொண்ணு, சோத்தை நிறுத்தினாலும் ரத்தத்துல குளூக்கோஸ் பூஜ்யம் ஆகாது. கல்லீரல், தசையில இருந்து அமினோ அமிலத்தை (புரதத்தோட துண்டு) வாங்கி குளூக்கோஸ் செஞ்சுக்கிட்டே இருக்கும். அப்பா கொறைஞ்ச அந்த ஆறு கிலோவுல தசையும் இருக்கும், கட்டியைப் பட்டினி போடறதா நெனச்சு அவரைத்தான் பட்டினி போட்டிருக்கீங்க.

சரி சோத்துக்குப் பதிலா நெய்யும் தேங்காயெண்ணெயுமா குடுக்கலாமான்னு அடுத்து யாராச்சும் கேப்பாங்க. 2016ல அமெரிக்காவுல எம்ஐடில எலிக்கு அதிகக் கொழுப்புத் தீனி போட்டு வளத்தப்ப குடல் ஸ்டெம் செல் கூடிச்சு. 2022ல வேற குழு கீட்டோன் (கல்லீரல் கொழுப்புல இருந்து செய்யற எரிபொருள்) எலில பெருங்குடல் கட்டியைக் கொறைக்குதுன்னு காட்டினாங்க. ரெண்டுமே எலி. இதை வச்சு ஒரு மனுஷன் தட்டுல கை வைக்கக் கூடாது.

மதுரைப்பொண்ணு:
நான் கீமோ வார்டுல 11 வருஷமா நர்ஸ். தம்பி, எடை கொறைஞ்சதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா? மருந்தளவே உயரம் எடை வச்சு ஒடம்போட பரப்பளவு கணக்குப் போட்டுதான் குடுக்கறோம், ஆறு கிலோ போச்சுன்னா அதைத் திருப்பிப் பாக்கணும், ரத்த அணு கொறைஞ்சா சைக்கிளே தள்ளிப்போகும். நாளைக்கே போன் பண்ணிச் சொல்லுங்க, அங்க டயட்டீஷியன் இருந்தா ஒரு தடவை பாத்துடுங்க. கொழைய வேகவச்ச சோறு, பருப்பு, முட்டை, மீன், வீட்டுல புதுசா தோச்ச தயிர், கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளையாக் குடுங்க. ஆக்ஸாலிபிளாட்டின் போட்ட பிறகு சில நாளைக்கு ஜில்லுன்னு எதுவும் வேணாம், பிரிட்ஜ் கதவைத் தொட்டாலே விரல்ல கரண்டு அடிச்ச மாதிரி இருக்கும், தொண்டைல பட்டா மூச்சு அடைக்கற மாதிரி பயந்துடுவாங்க, அதனால தயிரையும் வெளிய வச்சு ஜில்லு தணிஞ்சப்புறம்தான். நார்ச்சத்து நல்லதுதான், ஆனா வயித்தால போற நாள்ல வேணாம்.

கூல்டிரிங்ஸ் மட்டும் நிறுத்துங்க, அமெரிக்கால மூணாவது ஸ்டேஜ் ஆளுங்களைத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வுல இனிப்புக் குளிர்பானம் நெறைய குடிச்சவங்களுக்குத் திரும்ப வர்றது கூடுதலா இருந்துச்சு. அது வேற, அப்பா ஆசையா எடுத்த ஒரு வாய் தயிர்சோறு வேற.

கீமோ முடிஞ்சப்புறம் அவரை நடக்க வைங்க. 2025ல வந்த பெரிய டிரயல்ல 889 பேரு, கீமோ முடிஞ்சு மூணு வருஷம் ஆளு வச்சு உடற்பயிற்சி பண்ணவங்கள்ல அஞ்சு வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க 80.3 சதவீதம், வெறும் அறிவுரைப் புத்தகம் குடுத்தவங்கள்ல 73.9. இதெல்லாம் எலி இல்ல, மனுஷங்க.

வைகைமீன்:
எங்கம்மாவுக்கு நாங்களும் இதேதான் பண்ணினோம், மூணு மாசம் வெறும் கீரை சூப்பு. அஞ்சாவது சைக்கிளுக்குப் போனப்ப ஒடம்பு தாங்காதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, ரெண்டு தடவை. சோறு போட ஆரம்பிச்ச பிறகுதான் அவங்க எந்திரிச்சு வாசல் வரைக்கும் வந்தாங்க. சித்தப்பாவுக்குப் பயந்துக்கிட்டு இருக்காதீங்க அண்ணா, அவரும் பாசத்துலதான் சொல்லியிருப்பாரு, அவரை அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர் வாயாலயே கேக்க வைங்க.

டெல்டாக்காரன்:
ரொம்ப நன்றிண்ணா, நன்றிக்கா. அம்மாவுக்கு இதை உரக்கப் படிச்சுக் காட்டினேன், பக்கத்து வீட்டுக் கஞ்சிங்கற எடத்துல அழுதுட்டாங்க. இன்னொண்ணே ஒண்ணு, அப்பாவுக்கு சுகர் இருக்கு, மெட்பார்மின் 500 காலைலயும் ராத்திரியும் போடறாரு. அது ஸ்டெம் செல்லைக் கொல்லும், டோஸைக் கூட்டுன்னு அதே வீடியோல வந்துச்சாம்.

குடுவைக்காரன்:
மெட்பார்மின் மைட்டோகாண்ட்ரியால முதல் காம்ப்ளெக்ஸை (எரிக்கற வேலையோட முதல் படி) மட்டுப்படுத்தும், அதனாலதான் அது கேன்சருக்கு ஆகுமோன்னு ஆசை வந்துச்சு. ஆனா குடுவைல நாங்க ஊத்தற அளவு பெரும்பாலும் மாத்திரை போட்ட ஆளு ரத்தத்துல வர்றதைவிடப் பல மடங்கு. ஜப்பான்ல 2016ல சுகர் இல்லாதவங்களுக்கு தெனம் 250 மில்லிகிராம் ஒரு வருஷம் குடுத்தப்ப புதுசா பாலிப் (குடல் சுவத்துல வர்ற சின்ன முளை) வர்றது கொறைஞ்சுது, அது பாலிப் எடுத்தவங்களுக்கு, கேன்சர் உள்ளவங்களுக்கு இல்ல. நீங்களா கூட்டாதீங்க.

மதுரைப்பொண்ணு:
ஆமா, அதோட படம் தெளிவாத் தெரிய கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சிடி எடுக்கறப்ப மெட்பார்மின் போடறாருன்னு முன்னாடியே சொல்லிடணும், கிட்னி டெஸ்ட் பாத்து நிறுத்தணுமான்னு அவங்க சொல்வாங்க. சாப்பாட்டை இவ்ளோ கொறைச்சுட்டு சுகர் மருந்தை மட்டும் பழையபடி போட்டுட்டு இருக்காருன்னா, கூட வேற சுகர் மாத்திரை இருக்கான்னு பாத்து, அதையும் நாளைக்கு அந்தப் போன்லயே சொல்லிடுங்க தம்பி.