6 அடித் தொட்டிக்கு கனிஸ்ரரா, சம்பா?

பரந்தன்சந்தி
எல்லாருக்கும் வணக்கம். ஹோலில வைக்க 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில ஒரு கண்ணாடித் தொட்டி அடிப்பிக்கப் போறன். ஒஸ்கார் மீன் நாலு விடுற எண்ணம். கடைக்காரர் பெரிய கனிஸ்ரர் (இறுக்கி மூடின பில்ரர்) ஒண்டு காணும் எண்டுறார். மச்சான் சம்ப் (கீழ வைக்கிற திறந்த பில்ரர்த் தொட்டி) தான் வேணும் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறான். எங்கட கிணத்துத் தண்ணி கேத்திலில வெள்ளையாப் படியிற தண்ணி. காத்து ஒருக்கா பலமா அடிச்சாலே கரண்ட் போயிடும். இதுக்கு எது தோது?

முறிகண்டியான்
கனிஸ்ரர். ஆனா ஒண்டு இல்லை, இரண்டு எடும். உம்மட தொட்டி விளிம்பு மட்டத்துக்கு 680 லீற்றர். மேல விடுற இடைவெளி, மணல், கல்லு எல்லாம் கழிச்சா 600 கிட்ட வரும். மணித்தியாலத்துக்கு அஞ்சு தரம் சுத்த வேணும் எண்டு பாத்தா 3000 லீற்றர். பெட்டியில போட்டிருக்கிற கணக்கு வெறும் பம்முக்கு உரியது. உள்ளுக்கு ஸ்பொஞ்சும் சிரமிக் வளையமும் அடைச்ச பிறகு அவ்வளவு வராது. அதால தான் இரண்டு எண்டுறன். ஒண்டைக் கழுவேக்க மற்றது ஓடும், மீன் கழிவைச் சுத்தமாக்கிற பற்றீரியாவும் ஒரேயடியாப் போகாது. சத்தம் இல்லை, கபினற்றுக்குள்ள அடங்கும், நிலத்தில ஒரு சொட்டுத் தண்ணி விழாது.

குளக்கட்டு
அண்ணை, நீங்கள் சொல்லுறது கரண்ட் போகாத ஊருக்கு. கனிஸ்ரர் எண்டது இறுக்கி மூடின வாளி. உள்ள இருக்கிற பற்றீரியாவுக்கு ஓடி வாற தண்ணியில தான் ஒட்சிசன் கிடைக்குது. ஓட்டம் நிண்டா கொஞ்ச மணித்தியாலத்தில அது முடிஞ்சிடும். பிறகு உள்ள கிடக்கிற ஊத்தை அழுகும். கரண்ட் வந்த உடன பம் தன்பாட்டில தொடங்கி அந்தத் தண்ணியை அப்பிடியே மீன் மேல தள்ளும். நெடுநேரம் நிண்ட கனிஸ்ரரின்ர மூடியைத் திறந்து பாருங்கோ, கூழ்முட்டை நாத்தம் அடிக்கும். 2022 இல நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினவங்கள், மறந்திட்டீங்களோ?

சம்ப் திறந்த தொட்டி. மேற்பரப்பில காத்துப் படும். ஊத்தை தேங்கிற இடம் கண்ணுக்குத் தெரியும், கையை விட்டு அள்ளலாம்.

முறிகண்டியான்
கரண்ட் போனா சம்ப் மட்டும் ஓடுமோ? அதுவும் நிக்கும். நிக்கிறதோட விட்டாப் பரவாயில்லை. மேல் தொட்டித் தண்ணி கீழ இறங்கும். 6 அடிக்கு 2 அடித் தொட்டியில ஒரு அங்குலம் இறங்கினா 28 லீற்றர். மூண்டு அங்குலம் எண்டா 85 லீற்றர். இரவு ரண்டு மணிக்குக் கரண்ட் போய், விடிய எழும்பினா ஹோல் முழுக்க வெள்ளம். கபினற் பலகை ஊதிப்போகும். வீட்டுக்காரி உம்மையும் மீனையும் சேத்து வெளிய விடுவா.

குளக்கட்டு
அது சம்ப் கட்டத் தெரியாதவை சொல்லுற கதை. மேல போற குழாயில, தண்ணி மட்டத்துக்குச் சற்றுக் கீழ, சின்னத் துளை ஒண்டு போட்டா மட்டம் துளைக்குக் கீழ இறங்கின உடன காத்து இழுத்து சைபன் (குழாயால தண்ணி தன்பாட்டில கீழ இறங்கிறது) அறுந்திடும். அந்தத் துளையில பாசி அடைக்கும், அதால தண்ணி மாத்தேக்க ஒருக்கா ஈர்க்கால குத்தி விட வேணும். பம்மை நிப்பாட்டி, தண்ணி முழுக்க இறங்கி முடியவும் சம்ப் எவ்வளவு நிரம்புது எண்டு பாத்து, அதுக்கு மேல ஒரு சாண் இடம் விட்டுத் தான் ஓடேக்கையான மட்டத்துக்குக் கோடு கீற வேணும். பரந்தன் தம்பி, 150 லீற்றருக்குக் குறைஞ்ச சம்ப் அடிக்காதையும்.

செம்பருத்தி
இரண்டு பேரும் பில் கட்டுறதைப் பற்றிக் கதைக்கேல்லை. 40 வாற் பம் ஒண்டு இரவு பகல் ஓடினா மாதத்துக்கு 29 யூனிற். வீட்டுப் பாவனை 60 யூனிற்றுக்குள்ள நிக்கிற ஆக்களுக்கு அந்தக் கோட்டைத் தாண்டினா வீதமே மாறும். தொட்டி வைச்ச மாதம் தான் அது விளங்கும். என்னட்ட இருக்கிறது சின்னத் தொட்டி, 4 அடி. 8 வாற் எயார் பம்மில பெரிய ஸ்பொஞ்ச் பில்ரர் நாலு ஓடுது. கழுவ அஞ்சு நிமிசம். தொட்டித் தண்ணியை வாளியில எடுத்து அதுக்குள்ளயே பிழிஞ்சு விடுறன்.

குளக்கட்டு
அக்கா, கப்பி, மொலிக்கு அது அச்சா. ஒஸ்கார் ஒரு அடி வளரும். வாய் நிறைய இரையைக் கவ்வி, பாதியைச் செவுளால துப்பும். ஸ்பொஞ்சைப் பிடுங்கி மிதக்க விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கும். ஸ்பொஞ்ச் மட்டும் காணாது.

செம்பருத்தி
மட்டும் எண்டு நான் எங்க சொன்னன்? கரண்ட் போனா என்ன செய்யிறது எண்டு தானே தம்பி கேட்டவர். 12 வோல்ற் மோட்டச்சைக்கிள் பற்றறி, 5 அம்பியர் மணி எண்டு வைப்பம். 3 வாற் எயார் பம்முக்கு அதில பாதியை எடுத்தாலே 10 மணித்தியாலம் ஓடும். சம்ப் பம்மை இன்வேட்டரில ஓட்டப் போறீங்களோ?

மாங்குளம்_மீன்
அண்ணைமாரே, ஆர்ஓ தண்ணி (உப்பு நீக்கி வடிச்ச தண்ணி) தான் எல்லா இடமும் கான் கானா விக்குதே. அதை விட்டா வெள்ளையும் படியாது, பில்ரர் சண்டையும் இல்லை. மீன் பெரிசானா முத்தையன்கட்டுக் குளத்துக்குள்ள விடலாம் 😄

பழைய_விஞ்ஞானம்
மாங்குளம் தம்பி, முதலில் இரண்டாவது கதை. பகிடிக்கும் அப்படிச் சொல்ல வேண்டாம். தொட்டி துப்புரவாக்கும் என்று விற்கிற அந்த முள்ளுக் கவசமுள்ள மீனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததால்தான் இன்று நாட்டில் பல நீர்நிலைகளில் அது பெருகி, மீனவரின் வலையைக் கிழிக்கிறது.

ஆர்ஓ பற்றி: சிறுநீரக நோய்ப் பயத்தில் நாங்கள் குடிக்க வாங்குகிறோம், அது வேறு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகைப் பற்றீரியா நைத்திரைற்று ஆக்குகிறது. இன்னொன்று அதை நைத்திரேற்று ஆக்குகிறது. இந்த வேலையில் தண்ணீரிலுள்ள காபனேற்றுக் காரத்தன்மை செலவாகும். ஆர்ஓ தண்ணீரில் அது ஏறத்தாழ இல்லை. பீஎச் சரியும், பற்றீரியா மந்தமாகும், நீங்கள் எந்தப் பில்ரர் வைத்தாலும் வீண். கேத்திலில் வெள்ளை படியும் அந்தக் கிணற்றுத் தண்ணீர் இந்த விசயத்தில் உங்கள் பக்கம்தான்.

ஆனால் ஒரு ஆபத்து உண்டு. வன்னிக் கிணறுகளில் பீஎச் பெரும்பாலும் 7க்கு மேல்தான். 7இலிருந்து 8 ஆகும்போது அமோனியாவின் நச்சுப் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். மறுபக்கம், 25 பாகை நீரில் லீற்றருக்கு 8.3 மில்லிகிராம் கரையும் ஒட்சிசன், 30 பாகையில் 7.6 தான். சித்திரை வெயிலில் ஹோலில் தொட்டி 30ஐத் தாண்டும். ஆகவே புதுப் பில்ரரில் பற்றீரியா பிடிக்கும் முதல் 4 தொடக்கம் 6 கிழமை வரை நாலு மீனையும் ஒன்றாக விடக்கூடாது. ஓடுகிற பழைய தொட்டி ஒன்றிலிருந்து ஊத்தைப் பிடித்த ஸ்பொஞ்ச் துண்டு கிடைத்தால் பொன் கிடைத்த மாதிரி. அதைக் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரில் மட்டும் கழுவி விடாதீர்கள்.

முறிகண்டியான்
சேர் சொன்னதில வெள்ளைப் படிவைப் பற்றி ஒண்டு சேக்கிறன். அது பம்மின்ர இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற சுழலி) தண்டில தான் முதல் பிடிக்கும். பம் கிர்ர் எண்டு கத்தத் தொடங்கினா கழட்டி வினாகிரிக்குள்ள ஒரு இரவு போடும், இல்லாட்டித் தேசிக்காய்ப் புளி. இது கனிஸ்ரருக்கும் சம்புக்கும் ஒரே வேலை தான், குளக்கட்டு.

குளக்கட்டு
ஒரே வேலை இல்லை அண்ணை. சம்பில பம் எடுக்க ஒரு கை காணும். கனிஸ்ரருக்கு ஹோஸ் கழட்டி, வால்வு பூட்டி, முத்தத்துக்குக் காவி, கிளிப் திறந்து, திருப்பிப் பூட்டேக்க ஓரிங் (ரப்பர் வளையம்) சரியா இருக்கோ எண்டு பாத்து... அதால தான் எல்லாரும் ஆறு மாதம் கழுவாமல் விடுறவை. சம்புக்குள்ள விலை கூடின மீடியாவும் தேவையில்லை. பாத்திரம் தேய்க்கிற பிளாஸ்ரிக் நார்ப்பந்து ஒரு பை நிறைய வாங்கிக் கொட்டுங்கோ. சவுக்காரம் சேத்து விக்கிறதை எடுக்கக்கூடாது. சிரட்டைக் கரியைப் போடச் சொல்லி ஒருத்தர் வருவார், அடுப்புக் கரி ஏவப்பட்ட கரி (அக்ரிவேற்றட் காபன்) ஆகாது எண்டு இப்பவே சொல்லிப்போட்டன்.

முறிகண்டியான்
சலசலப்புச் சத்தத்தைப் பற்றி மட்டும் ஒண்டும் கதைக்கமாட்டீர்.

குளக்கட்டு
இறங்கு குழாய் வாயைத் தண்ணிக்குள்ள ஒரு அங்குலம் தாழ்த்தி விட்டாப் பாதிச் சத்தம் போயிடும். மீதி மழைச் சத்தம் மாதிரி, நல்லாயிருக்கும் 😊

பரந்தன்சந்தி
எல்லாருக்கும் நன்றி. சம்ப் தான் எண்டு முடிவெடுத்திட்டன், மச்சானுக்கு இன்னும் சொல்லேல்லை. சம்புக்குள்ள செம்பருத்தி அக்கா சொன்ன மாதிரிப் பெரிய ஸ்பொஞ்ச் இரண்டு, பற்றறி எயார் பம்மோட. மேல் தொட்டிக்கும் ஒரு எயார்க் கல்லு. பம் 40 வாற்றுக்கு மேல எடுக்கேல்லை. ஒஸ்கார் முதல் இரண்டு மட்டும். இறங்கு குழாய்த் துளையைக் கண்ணாடியில பிறகு போடலாம் தானே?

முறிகண்டியான்
பிறகு எண்டு விடாதையும். தொட்டி ஒட்ட முதல், கண்ணாடி வெட்டுற இடத்திலயே போடுவியும். ரெம்பேட் கண்ணாடி (சூடாக்கி இறுக்கினது) எண்டா துளைக்கவே ஏலாது, சில்லுச் சில்லாப் போகும். வாங்கேக்க கேளும். துளையும் ஒண்டு போடாமல் இரண்டு போடுவியும், ஒண்டு அடைச்சா மற்றது. உந்தச் சம்பில எனக்குள்ள ஒரே பயம் அது தான்.