ஹைக்கூ போட்டாச்சு, மென்பொருளை எங்கே தேடுவது?

பழையபெட்டி:
வணக்கம். பரணில் கிடந்த 2 ஜிபி ரேம் லேப்டாப்பில் ஹைக்கூ என்ற இலவச இயங்குதளத்தின் பீட்டா 5 (32 பிட்) போட்டேன். விண்டோஸில் நாலு ஜன்னல் திறந்தாலே முனகிய பெட்டி இது. இப்போது பாட்டு ஓடும்போதே அதோடு வரும் சுழலும் கெண்டி டெமோவை மூன்று தடவை திறந்து, இழுத்து இழுத்துப் பார்த்தேன். பாட்டு ஓர் இடத்திலும் திக்கவில்லை. "சரிப்பா, இந்தக் கெண்டியை வச்சு என்ன பண்றது?" என்றாள் மகள். பதில் இல்லை.

மென்பொருள் இறக்கும் ஹைக்கூடெப்போவில் கொஞ்சம்தான் இருக்கிறது. வேறு எங்கே இறக்குவது? தமிழில் "ஹைக்கூ" என்று தேடினால் கவிதையாகக் கொட்டுகிறது. நண்பர் ஒருவர், ஹைக்கூவுக்கு முன்னோடியான பீஓஎஸ் என்ற இயங்குதளத்தின் பழைய நிரல்கள் மூன்றை ஜிப்பாகக் கொடுத்தார். விண்டோஸில் விரித்து பென்டிரைவில் கொண்டுவந்தேன். ஒன்றும் ஓடவில்லை.

முனையன்:
அண்ணே, டெப்போ திறந்ததும் வருவது தேர்ந்தெடுத்த சிலது மட்டும்தான். பக்கத்தில் "ஆல் பேக்கேஜஸ்" என்று ஒரு தாவல் இருக்கும், அதை அழுத்துங்கள். நானும் ஒரு வாரம் ஏமாந்தேன்.

கெண்டிக்காரன்:
2000இல் பீஓஎஸ் 5 இலவசப் பதிப்பை விண்டோஸுக்குள் ஒரே கோப்பாகப் போட்டு ஓட்டியவன் நான். அடுத்த வருடமே, கையடக்கக் கணினி செய்த பாம் கம்பெனி, பீஓஎஸ்ஸை உருவாக்கிய பீ கம்பெனியின் சொத்தை வாங்கிக்கொண்டது. அதன் ரசிகர்களான நம் ஆட்கள் அதே மாதிரி ஒன்றை முதலிலிருந்து எழுத ஆரம்பித்ததுதான் இன்றைய ஹைக்கூ.

நீங்கள் 32 பிட் போட்டது நல்லதாகப் போயிற்று. பழைய பீஓஎஸ் நிரல்கள் அதில்தான் ஓடும், 64 பிட்டில் ஓடாது. பழசோடு ஒத்துப்போக அது இன்னும் ஜிசிசி 2 என்ற பழைய கம்பைலரை (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) சுமக்கிறது. புது மென்பொருள் பலவும் புது கம்பைலரில் கட்டியவை. அதனால் டெப்போவில் தேடும்போது பெயரின் வாலில் "எக்ஸ்86" என்று இருப்பதையும் பாருங்கள். புது பிரவுசர்கள் அப்படித்தான் வரும்.

ஜிப்பை விண்டோஸில் விரித்ததுதான் தப்பு. இதில் கோப்பு என்ன வகை என்ற விவரம்கூடக் கோப்போடு ஒட்டிய பண்புக்கூறாகத்தான் இருக்கும். வேறு வட்டில் விரித்தால் உதிர்ந்துவிடும். ஜிப்பை அப்படியே ஹைக்கூ வட்டுக்குக் கொண்டுவந்து அங்கே விரியுங்கள். பவர்பிசி என்ற வேறு வகைச் சில்லுக்குக் கட்டியதாக இருந்தால் எப்படி விரித்தாலும் ஓடாது.

அப்புறம், பேக்கேஜ் எதையாவது போட்டு பூட் ஆகாமல் போனால் பதற வேண்டாம். கிளம்பும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால் மெனு வரும். அதில் முந்தைய நிலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

பழையபெட்டி:
முனையன் தம்பி, அந்தத் தாவல் என் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது! ஜிப்பை இங்கேயே விரித்தேன். மூன்றில் இரண்டு திறந்துவிட்டன, மூன்றாவது பவர்பிசி. எக்ஸ்86 வாலோடு ஒரு பிரவுசரும் வந்துவிட்டது, கொஞ்சம் மெதுவாக. மகள் அதைத் தொடவில்லை. நாலாவது கெண்டியைத் திறந்துகொண்டிருக்கிறாள்.