மினி வொர்க்ஸ்டேஷனில் ரெவிட்டும் ஈடாப்ஸும்: வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

ஆர்க்கிடெக்ட், திருச்சி:
கட்டடத்தை 3டி மாடலாக வரையும் ரெவிட், அதன் பலத்தைக் கணக்குப் போடும் ஈடாப்ஸ் மாதிரி சாஃப்ட்வேரை மினி வொர்க்ஸ்டேஷன் என்கிற சின்னப் பெட்டி கம்ப்யூட்டர் தாங்குமா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். விற்பவர் பேச்சு வேண்டாம், வைத்து வேலை பார்ப்பவர்கள் நடந்ததை எழுதுங்கள். முதலில் நான்.

என்னிடம் இருப்பது எச்பி இசட்2 மினி, உள்ளே ஆர்டிஎக்ஸ் ஏ2000 கிராஃபிக்ஸ் கார்டு, 12 ஜிபி. வாங்கியதற்கு ஒரே காரணம், தோள்பையில் போட்டுக்கொண்டு கிளையன்ட் வீட்டுக்கே போய்விடலாம். போன மாதம் தஞ்சாவூரில் ஒரு வீட்டில் அவர்கள் டிவியிலேயே என்ஸ்கேப் (ரெவிட் மாடலை நிஜ வீடு மாதிரி சுற்றிக் காட்டும் சாஃப்ட்வேர்) ஓட்டிக் காட்டினேன். பிளானில் தலையாட்டிக்கொண்டே இருந்த அம்மா, சூரியனைச் சாயங்காலம் நாலு மணிக்கு நகர்த்தியதும், "தம்பி, வெயில் நேரா அடுப்பு மேலயே விழுதே" என்றார். அங்கேயே ரெவிட்டில் ஜன்னலைத் தள்ளிவைத்தேன். என்ஸ்கேப்பில் உடனே மாறியது. அந்த அடுக்களைக்கு அதற்குப் பிறகு ரிவிஷன் வரவில்லை.

ஒரு சின்ன விஷயம்: ஏ2000 கார்டில் நாலுமே மினி டிஸ்ப்ளேபோர்ட், டிவியில் எச்டிஎம்ஐதான். கன்வெர்ட்டர் கேபிள் பையிலேயே கிடக்கட்டும்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், கோவை:
உங்கள் வேலைக்கு அது சரி சார். ரெவிட்டில் மாடல் பண்ணும்போது பிராசஸரில் பெரும்பாலும் ஒரு கோர்தான் ஓடும், பெட்டி சூடாகவே வாய்ப்பில்லை. என் கதை வேறு. ஈடாப்ஸில் நான்-லீனியர் டைம் ஹிஸ்டரி (நிலநடுக்கத்தில் கட்டடம் நொடிக்கு நொடி எப்படி அசையும் என்ற நீண்ட கணக்கு) போட்டுவிட்டுச் சாப்பிடப் போவேன். என்னிடம் இருப்பது வேறொரு கம்பெனிப் பெட்டி, பெயர் வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் ஆரம்பத்தில் 4.5 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் காட்டும். கொஞ்ச நேரத்தில் 3-க்குக் கீழே இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடும், ஃபேன் மட்டும் கத்திக்கொண்டிருக்கும். பிராசஸர் பெயரைப் பார்த்து யாரும் வாங்காதீர்கள். அரை மணி நேரம் முழு லோடில் ஓடிய பிறகு எத்தனை கிகாஹெர்ட்ஸில் நிற்கிறது என்று கேளுங்கள். கடைக்காரர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

படுக்கவைத்திருந்ததை நிமிர்த்திவைத்து, பயாஸில் பெர்ஃபார்மன்ஸ் மோடு போட்ட பிறகு பரவாயில்லை. ஆனால் ஏசி இல்லாத அறையில் சித்திரை மாதம் அது டவருக்கு ஈடாகாது.

பிம் (கட்டடத் தகவல் மாடல்) கோஆர்டினேட்டர், தோஹா:
இங்கே சைட் ஆபீஸ் என்றால் போர்ட்டா கேபின். மானிட்டருக்குப் பின்னால் பிராக்கெட் போட்டு மாட்டியிருக்கிறோம், மேஜை முழுக்க டிராயிங் விரிக்கலாம். எல்லோருடைய மாடலையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் நேவிஸ்வொர்க்ஸில் டக்ட், பைப், கேபிள் டிரே எல்லாம் சேர்த்துத் திறந்தால் முதலில் திணறுவது ரேம்தான், கார்டு இல்லை. 32-லிருந்து 64 ஜிபிக்குப் போனதும், எது எதோடு மோதுகிறது என்று பார்க்கும் கிளாஷ் மீட்டிங்கில் எல்லோரும் திரையைப் பார்த்துக் காத்திருப்பது நின்றது. தூசிதான் எமன். ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே மணல் மெத்தை மாதிரி படிந்துவிடும். மாதம் ஒருமுறை புளோயர் அடிக்காவிட்டால் கோவைக்காரர் சொன்ன அதே கதிதான்.

இன்டீரியர் டிசைனர், சென்னை:
எல்லோரும் ஆகா என்கிறீர்கள், எனக்கு ஒப்பவில்லை. அதே காசுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் டவர் அசெம்பிள் பண்ணினால் பெரிய கார்டே போடலாம். மினியில் ஏ2000, ஆர்டிஎக்ஸ் 4000 எஸ்எஃப்எஃப் என்று எதைப் போட்டாலும் 70 வாட்தான். கார்டைச் செருகும் ஸ்லாட்டே 75 வாட்டுக்கு மேல் தராது. வி-ரேயில் ராத்திரி முழுக்க ரெண்டர் (மாடலை ஃபோட்டோ மாதிரி படமாக்குவது) விடுகிறவர்களுக்கு அது எந்த மூலைக்கு? போதாததற்கு என் பழைய மினியின் அடாப்டர் புகைந்தது. டவராக இருந்தால் தெருமுனையில் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) வாங்கி மாட்டியிருப்பேன். இதற்கு அடாப்டர் வந்துசேரும் வரை டெட்லைனை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

விஷுவலைசர், பெங்களூரு:
அடாப்டர் தொல்லை எல்லாவற்றிலும் இல்லை மேடம். 2025-இல் வந்த இசட்2 மினி ஜி1ஏயில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. ஏஎம்டி சிப், தனி கார்டு கிடையாது. 128 ஜிபி எடுத்தால் அதில் 96 வரை கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கலாம். மரம், புல் என்று கொட்டிய பெரிய சீன்கூட மெமரி இல்லை என்று மூடிக்கொள்வதில்லை. ஆனால் ரேம் போர்டிலேயே ஒட்டியது, பிறகு ஏற்ற முடியாது. என்விடியா கார்டின் கூடா (CUDA) கேட்கும் ரெண்டரர் உங்களுடையது என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆர்க்கிடெக்ட், திருச்சி:
சென்னை மேடம் சொன்ன அடாப்டர் விஷயம் நியாயம். நானும் ஸ்பேர் ஒன்று வாங்கி வைத்துவிட்டேன், விலை குறைவில்லை. ராத்திரி ரெண்டர் எனக்கும் உண்டு. அதை ஆபீஸில் கிடக்கும் பழைய டவருக்கு அனுப்பிவிடுகிறேன், மினி வெளியூருக்கும் பகல் வேலைக்கும். கோவை சார், உங்கள் பெட்டியில் தெர்மல் பேஸ்ட் (பிராசஸர் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் பசை) மாற்றிப் பார்த்தீர்களா? வாரண்டி போய்விடுமா?

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், கோவை:
வாரண்டி ஆளையே வரவழைத்து அவர் கையாலேயே மாற்றச் சொன்னேன். இப்போது 3.4 கிகாஹெர்ட்ஸில் நிற்கிறது.