தெரு லைட்டுக்கு கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கலாமா?

ஆத்தங்கர:
எங்கட ஊர் மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம், ரோட்டுல லைட் எரிஞ்சி எட்டு மாசம், மூணு தரம் கடிதம் குடுத்தாச்சி, ஒண்டும் நடக்கல்ல. இப்ப பொடியனுகள் சேந்து நக்கலா ஏதும் வரைவம் எண்டுறானுகள். ஆரும் செஞ்சிரிக்கீங்களா?

மறுகாவாறன்:
ஓம் மச்சான், நாங்க ரோட்டுக் குழிக்குள்ள வாழை நட்டு "குலை போட்டா ஊருக்கே பங்கு" எண்டு போர்ட் வெச்சம். வாற போற ஆக்கள் எல்லாம் நிண்டு போட்டோ எடுத்தாக்கள். நீங்க பேனரே அடிங்க, மலர்வு, உதிர்வு திகதியோட, "பிரிவால் துயருறும்" எண்டதுக்குக் கீழ ஊராக்கள்ற பேரப் போடாம நுளம்பு, நாய், பாம்பு எண்டு போடுங்க.

களரி:
தம்பி, இது புதுசில்ல. கூத்துல கட்டியகாரன் பகிடி விட்டுத்தானே ஊர்க்கதைய சொல்லுவான். 2019 கடைசில நாடு முழுக்க மதில்ல படம் வரைஞ்சாங்களே, 2022ல கொழும்பு காலிமுகத்திடல் போராட்டத்துலயும் கார்ட்டூனும் பாட்டுமாத்தான் கிடந்திச்சி. ஒரு ஆளா எழுதாதீங்க, பொம்பிளைகள்ட்டயும் கேளுங்க, இருட்டால டியூசன் விட்டு வாற புள்ளைக்கு பயந்து கிடக்கிறது அவங்கதான். ஒப்பாரி வரி வேணுமெண்டா எங்கட அம்மம்மாவ விட ஆளில்ல.

ஆத்தங்கர:
பேர் போட்டுத் திட்டினா பிரச்சின வருமோ?

மறுகாவாறன்:
ஆளத் திட்டாதீங்க, லைட்டுக்கு அழுங்க. மதில்ல வரையிறதெண்டா வீட்டுக்காரர்ட்ட கேட்டுட்டு, பாசிய சுரண்டிட்டு அடிங்க, இல்லாட்டி மாரி மழையோட பெயின்ட் உரிஞ்சிரும்.

ஆத்தங்கர:
சரி, அம்மம்மாட நம்பர இன்பொக்ஸ்ல போடுங்க களரியண்ணன்.